காதுக்குள் ஓடியவன்

"சாம்பியன்... ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க. இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

மழைக்கு ஒதுங்க அந்தக் கடைக்குள் ஒரு காலை வைத்த ஜெமுட்டாய் அப்படியே நின்றுவிட்டாள். ஷூவைப் பற்றிச் சொன்னது அவள் காதில் விழவேயில்லை. சாம்பியன் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. விழுந்ததும் சுர்ரென்று கோபம் வந்தது.

"யாரைச் சொன்னீங்க?"

"உங்களைத்தான்."

"என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"நான் எதுலயாவது ஜெயிச்சிருக்கேன்னு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லலையே."

"அப்புறம் எதுக்கு சாம்பியன்?"

மேஜைக்குப் பின்னால் நின்றவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டான். "ஈட்டென்ல ஷூ போட்டவங்களை வேற எப்படிங்க கூப்பிடுறது? காலையில பேட்டரி வாங்க வந்த தாத்தாவைக்கூட அப்படித்தான் கூப்பிட்டேன். அவரு குஷியாகி டார்ச்சும் சேத்து வாங்கிட்டுப் போனாரு."

ஓட்டக்காரர்கள் பயிற்சிக்காகக் கூடும் அந்த மலையூரின் வழக்கம் அதுதான். பெஞ்சில் உட்கார்ந்து சாய் குடிப்பவர்களில் பாதிப் பேர் எங்கேயோ ஓடி எதையோ ஜெயித்தவர்கள். மீதிப் பேர் அடுத்த மாதம் ஜெயிக்கப் போகிறவர்கள். எல்லாரும் எல்லாருக்கும் சாம்பியன். ஆனால் ஜெமுட்டாய்க்கு அந்தச் சொல் ஆறாத புண்ணில் உப்பு.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து நகரமான எல்டோரெட்டில் வருடத்துக்கு ஒரு முறை பத்து கிலோமீட்டர் தேர்வு ஓட்டம் நடக்கும். முதல் மூன்று இடத்துக்குள் வந்த பெண்களுக்குப் பெரிய முகாமில் இடம். சாப்பாடு, ஷூ, வெளிநாட்டுப் போட்டி எல்லாம் முகாம் பார்த்துக்கொள்ளும். இரண்டு வருடமாக ஜெமுட்டாய் ஒன்பது கிலோமீட்டர் வரை இரண்டாவதாகவே ஓடினாள். கடைசி கிலோமீட்டரில் பின்னால் யாரோ வரும் கால் சத்தம் கேட்கும்... திரும்பிப் பார்ப்பாள். ஒரு தடவை பார்த்தால் மனசு ஆறாது. மறுபடி பார்ப்பாள். திரும்பித் திரும்பியே ஒரு வருடம் ஆறாவது, இன்னொரு வருடம் ஏழாவது. மூன்றாவது தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். இதிலும் கோட்டை விட்டால் ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு கப்சபெட்டில் ஒரு தையல் கடைக்குப் போவதாக அக்கா சலீனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஊசியில் நூல் கோக்கவே பொறுமை இல்லாத பெண், தையல் கடைக்கு.

மழை தகரக் கூரையை அடி அடியென்று அடித்தது. இனி வெளியே போக வழியில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, செம்மண் ஏறிய காலுறையோடு உள்ளே வந்தாள். துடைத்த தரையில் வரிசையாகச் சிவப்புத் தடம் விழுந்தது. அவன் தடத்தைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான். அவன் கண்கள் நன்றாகத் தூங்கி எழுந்த கண்கள். எதைப் பார்த்தாலும் சாவகாசமாகப் பார்க்கும் போலிருந்தது. அந்தச் சாவகாசம் ஜெமுட்டாய்க்கு ஏனோ கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் செய்தது.

பார்வையைத் திருப்ப வேறிடம் தேடியபோதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் அவை தெரிந்தன. சின்னச் சின்னப் பாட்டுப் பெட்டிகள். காதில் இரண்டு வயரை மாட்டிக்கொண்டு உலகம் மறந்து ஓடும் வெள்ளைக்காரப் பெண்களைச் சாலையில் பார்த்திருக்கிறாள். இரண்டு வாரமாக மனசுக்குள் கிடந்த ஆசை, மழை புண்ணியத்தில் வாய்க்கு வந்தது.

"ஓடுறதுக்கு... பாட்டு கேக்குற மாதிரி... சின்னதா ஒண்ணு வேணும்."

"யாருக்கு? ஊர் பாக்க வந்தவங்களுக்கா?"

"எனக்குத்தான்."

இப்போது அவன் வாய்விட்டே சிரித்தான். "ஓட்டத்துக்குப் பாட்டா? நாப்பது பேரு கூட்டமா ஓடுற ஊருங்க இது. ஒருத்தர் மூச்சுல ஒருத்தர் ஓடுவோம். கூட ஓடுற பொண்ணுங்களோட சண்டையா?"

"பின்னால வர்ற கால் சத்தம் கேக்கக் கூடாது. கேட்டா திரும்பித் திரும்பிப் பாக்குறேன். போதுமா?"

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. முன்பின் தெரியாத ஒருவனிடம், அக்காவிடம்கூடச் சொல்லாததை...

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூன்று பிளேயரை எடுத்து மேஜைமேல் வைத்தான். "மழை விடட்டும். ஓடிப் பாத்துட்டு வாங்குங்க. காது சொல்றது முக்கியம் இல்ல, கால் என்ன சொல்லுதோ அதுதான்."

மழை கொஞ்சம் விட்டது. கடையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முட்டைக்கோஸ் விற்கும் பெண்கள் மூன்று பேர் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து, கேட்காமலே நடுவர் வேலை பார்த்தார்கள்.

முதல் பிளேயருக்குப் பெரிய திரை, கையில் பட்டையால் கட்டிக்கொள்வது. தொட்டிக்குப் போவதற்குள் தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கி, திரும்பும்போது மணிக்கட்டில் வளையலாகத் தொங்கியது.

"அது கடிகாரமாயிடுச்சு, மாத்து மாத்து" என்றாள் ஒரு முட்டைக்கோஸ்காரி.

இரண்டாவது கழுத்தில் தொங்குவது. ஓட ஓட நெஞ்சில் டொக் டொக்கென்று மோதியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"உள்ள இருக்குற நெஞ்சே போதும். வெளியில இன்னொண்ணு அடிக்க வேணாம்."

மூன்றாவது தீப்பெட்டி அளவு. முதுகில் ஒரு கிளிப். திரையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான்கு பொத்தான் மட்டும். கால்சட்டை இடுப்பில் குத்திக்கொண்டு ஓடினாள். தொட்டி வந்தது. திரும்பினாள். கடை வந்தது. இடுப்பில் இருப்பதே மறந்துவிட்டது.

"இதுல அடுத்தது எந்தப் பாட்டுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. வரும்போதுதான் தெரியும்."

"அது ஒரு குறைதானே?"

"ஓடுறவங்களுக்கு அதுதாங்க நல்லது. திரை இருந்தா குனிஞ்சு பாப்பீங்க. ஏற்கனவே திரும்பிப் பாக்குற வியாதி. குனிஞ்சு பாக்குறதும் சேந்தா கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

அவள் முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

பாட்டு ஏற்றித் தருவதும் அந்தக் கடையில்தான். ஆனால் பெயரைச் சொன்னதும் ஏற்றிவிட அவன் தயாராக இல்லை. மறுபடி தொட்டி வரை ஓடச் சொன்னான். கையில் கடிகாரத்தைப் பிடித்து அவள் பாதம் தரையைத் தொடுவதை எண்ணினான்.

"நிமிஷத்துக்கு நூத்தி எண்பத்தி நாலு. தாளம் அதோட ஒட்டணும். இல்லேன்னா பாட்டு ஒரு பக்கம் இழுக்கும், கால் ஒரு பக்கம் போகும். சர்ச் பாட்டெல்லாம் வேணாம், அந்த வேகத்துக்கு நடந்தே போயிடலாம். பேர் என்ன?"

"ஜெமுட்டாய்."

"விடியற்காலையில பொறந்தவங்க. அதான் ஊர் முழிக்குமுன்ன ஓடுறீங்க."

"உங்க பேரு?"

கொஞ்சம் தயங்கினான். "கிமாயோ."

ஜெமுட்டாய் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் கூட்டம் கூடிக் குடித்துக் கும்மாளம் போடும்போது பிறக்கும் பிள்ளைக்கு வைக்கும் பெயர் அது. "பொறக்கும்போது தொட்டில்ல போட்டாங்களா, குடத்துல போட்டாங்களா?"

"அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போச்சு. நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

மறுநாள் போனாள். பன்னிரண்டு பாட்டு ஏற்றி வைத்திருந்தான். அடுத்த நாள் காலை ஓடியபோது முதல் பாட்டிலேயே கால் தாளத்தில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் நாற்பது பேர் வந்தார்களோ, நாலு பேர் வந்தார்களோ... ஒன்றும் கேட்கவில்லை. கழுத்து திரும்பவேயில்லை. அன்று சாயங்காலம் சும்மா சொல்லிவிட்டுப் போகலாமென்று கடைக்குப் போனாள். மறுநாள் ஒரு பாட்டை மாற்றப் போனாள். அதற்கு மறுநாள் மாற்றிய பாட்டைத் திரும்ப ஏற்றப் போனாள்.

முட்டைக்கோஸ்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

'நீங்க' எந்த நாளில் 'நீ' ஆனதென்று இருவருக்குமே தெரியாது. ஒரு நாள் சாயும், எண்ணெயில் பொரித்த மண்டாஸி ரொட்டியும் வாங்கி வைத்துக்கொண்டு அவன், "இவ்வளவு நேரம் எங்க போன நீ, ஆறிப்போச்சு பாரு" என்றான். அவளும் ஆறிப்போன சாயைக் குடித்துவிட்டு, "சக்கரை கம்மி, உன் முகத்தைப் பாத்துக் குடிச்சுக்கலாம்னு விட்டுட்டியா?" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்னம் சுட்டது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் அது நடந்தது. எட்டாவது பாட்டு முடிந்து ஒன்பதாவது தொடங்கியது. பாட்டு இல்லை. டப்... டப்... டப்... டப்... கால் சத்தம். ஈர மண்ணில் யாரோ ஓடும் சத்தம், காதுக்குள்ளேயே, சரியாகப் பின்னங்கழுத்துக்குப் பின்னால்.

உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கழுத்து தானாகத் திரும்பப் போனது. ஆனால் அந்தக் காலடியில் அவசரம் இல்லை. பிடிக்க வரும் கால் இல்லை அது, கூடவே வரும் கால். மூச்சு ஒரே சீராகக் கேட்டது. எங்கோ ஒரு மாட்டு மணி. அதன் பிறகு ஒரு கிழவரின் குரல், தூரத்திலிருந்து: "டேய் கிமாயோ, கடையில திருடன் புகுந்துட்டானா? எதுக்குடா இந்த ஓட்டம்?"

ஜெமுட்டாய் நடுச்சாலையில் சத்தமாகச் சிரித்துவிட்டாள். எதிரே வந்த மாடு மேய்ப்பவர் பயந்து ஒதுங்கினார். அந்தச் சிரிப்போடு ஏறிய மேட்டை, அதுவரை எந்த நாளும் அவ்வளவு வேகமாக அவள் ஏறியதில்லை.

சாயங்காலம் கடைக்குப் போய் மேஜையில் கையை ஊன்றி நின்றாள். "திருடன் கிடைச்சானா?"

கிமாயோ தலையைச் சொறிந்தான். "அதை வெட்டி எடுக்க மறந்துட்டேன்... விடியக் காலையில ஓடிப் பதிவு பண்ணினது."

"எதுக்கு?"

"போட்டியில காதுல எதையும் மாட்ட விட மாட்டாங்க. அன்னிக்குப் பின்னால கால் சத்தம் வரத்தான் செய்யும். காதைப் பொத்திப் பொத்தி எத்தனை நாள் ஓடுவ? அதான்... சத்தம் பழகட்டுமேன்னு. பழகின சத்தத்துக்கு யாரும் பயப்பட மாட்டாங்க."

யாரும் தனக்காக இப்படி யோசித்ததில்லை என்று தோன்றியது. இவனை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போதே, அந்த மேஜை முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அங்கேதான் வினை.

சலீனா ஒரு காலத்தில் பெரிய ஓட்டக்காரி. உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எந்தக் கிமாயோ? சந்தைக்கிட்டக் கடை வச்சிருக்கானே, அவனா? அவன் பேஸருடி. ரெண்டு வருஷம் ஒரு பொண்ணுக்கு முன்னால ஓடி வேகம் பிடிச்சுக் கொடுத்தவன். அவ ஜெயிக்க ஆரம்பிச்சதும், பரிசுப் பணத்துக்காகத்தான் ஒட்டிக்கிட்டான்னு ஊரே பேசுச்சு. உன்கிட்டச் சொன்னானா அதை?"

சொல்லவில்லை.

"எனக்கும் ஒருத்தன் வந்தான், ஞாபகம் இருக்கா? முதல்ல தண்ணி பாட்டிலைப் பிடிச்சான். அப்புறம் கடிகாரத்தைப் பிடிச்சான். கடைசியில என் பேங்க் புக்கைப் பிடிச்சான். இப்ப நான் ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறேன், அவன் என் காலு ஓடி வாங்கின வேன்ல ஊர் சுத்துறான். உனக்குப் பாட்டுப் பெட்டியோட ஆரம்பிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்."

புதன்கிழமை காலை கடை திறந்ததும் ஜெமுட்டாய் போய் நின்றாள். பிளேயரை மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க பேஸரா?"

நீங்க என்றதுமே கிமாயோவுக்குப் புரிந்துவிட்டது. முகம் இறுகியது. "ஓடியிருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்தக் கடையில நீ ஒரு பேட்டரியாவது வாங்கியிருப்பியா?"

சொல்லக் கூடாத பதில். அது அவனுக்கும் சொன்ன மறுகணமே தெரிந்தது. ஆனால் அவனுக்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"அப்போ எல்லாம் வியாபாரம். காலடியும் வியாபாரம்தான்."

"அப்படித் தோணினா அப்படியே வச்சுக்க."

"என் காலை நம்பி யாரும் கணக்குப் போட வேணாம். நான் ஜெயிச்சதே இல்ல, உங்களுக்கு நஷ்டம்தான் வரும்."

படி இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கும் வியாதி அன்றைக்குப் பார்த்து அவளை விட்டுவிட்டது.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவள் பாட்டில்லாமல் ஓடினாள். போய்ப் பேசிவிடலாமா என்று கால் போகும், வேண்டாம் என்று ரோஷம் தடுக்கும். சந்தைத் தெருவில் அவள் தலை தெரிந்தாலே அவன் கடை வாசலில் அலறும் ஸ்பீக்கர் நின்றுவிடும். அவள் தாண்டிப் போனதும் மறுபடி பாடும். அந்த மௌனத்தைக் கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாடித் தொலைத்தால்தான் என்ன... ஒரு சர்ச் பாட்டாவது போடக் கூடாதா...

ஒரு விஷயத்தை மட்டும் அக்காவிடம் அவள் சொல்லவில்லை. பிளேயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், சரி. ஆனால் காதுக்குள் ஓடியவன் இறங்கவில்லை. தினமும் காலையில் மேடு வந்ததும் டப்... டப்... என்று கூடவே வந்தான்.

தேர்வு நாள், சனிக்கிழமை. எல்டோரெட்டில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அறுபது பெண்கள் கோட்டில் நின்றார்கள். காது எல்லாருக்கும் வெறும் காது.

ஐந்தாவது கிலோமீட்டரில் கூட்டம் பத்தாகச் சுருங்கியது. எட்டாவதில் நான்கு. ஒன்பதாவது கிலோமீட்டர் பலகை தாண்டும்போது முன்னால் ஒருத்தி மட்டும், நல்ல தூரத்தில். ஜெமுட்டாய் இரண்டாவது. போன வருடமும் இதே பலகை, இதே இடம்.

அப்போது கேட்டது. பின்னால் கால் சத்தம்.

ஒருத்தியா, இரண்டு பேரா... எவ்வளவு தூரம்... திரும்பிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், ஒரே ஒரு தடவை. கழுத்து இழுத்தது. தோள் இறுகியது. தையல் கடை, ஊசி, நூல், அக்காவின் முகம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. சத்தம் நெருங்கியது. டப்... டப்... டப்...

டேய் கிமாயோ, கடையில திருடன் புகுந்துட்டானா?

எங்கிருந்து வந்ததோ தெரியாது, அந்தக் கிழவர் குரல் தலைக்குள் கேட்டது. ஜெமுட்டாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி கிலோமீட்டரில், மூச்சு முட்டும்போது, ஊரே பார்க்கும்போது சிரித்தாள். தோள் இளகியது. பின்னால் வருவது யாராகவும் இருக்கட்டும். அவளுக்கு அந்தச் சத்தம் பழகின சத்தம். விடியற்காலையில் ஈர மண்ணில் தனக்காக ஓடிய ஒருவனுடைய சத்தம். கூடவே வரட்டும், வந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு முன்னால் பார்த்து ஓடினாள்.

கயிற்றைத் தாண்டி நின்ற பிறகுதான் திரும்பினாள். மூன்றாவது வந்த பெண் பத்தடி பின்னால் மண்டியிட்டு இருமிக்கொண்டிருந்தாள். ஜெமுட்டாய் இரண்டாவது.

சலீனா ஓடி வந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இவளும் அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது, தண்ணீர் மேஜைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கக்கத்தில் ஒரு சுரைக்குடுக்கை.

கிமாயோ.

சலீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அவன் முன்னால் போய் நின்றாள். "ஜெயிச்சதும் மோப்பம் பிடிச்சு வந்தாச்சா? இவளுக்குக் கோச் ஆகப் போறியா?"

"இல்லக்கா."

"மேனேஜரு?"

"இல்லக்கா. எனக்குக் கடை இருக்கு, அதைப் பாக்கவே நேரம் பத்தல."

"முன்னால ஓடி வேகம் பிடிச்சுக் கொடுக்கப் போறியா?"

"அதை விட்டு மூணு வருஷமாச்சு. அந்தப் பொண்ணுகிட்ட நான் கூலியைத் தவிர ஒரு ஷில்லிங் வாங்கினதில்ல. ஊர் வாயை மூட முடியல. அதான், ஓடுறவங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு மேஜை இருக்கட்டும்னு கடையைப் போட்டேன்."

"அப்புறம் இங்க எதுக்கு வந்த?"

"பால் குடுக்க."

சலீனா குடுக்கையைப் பார்த்தாள். ஜெயித்து வரும் ஓட்டக்காரர்களுக்கு வீட்டு மனிதர்கள் குடுக்கையில் முர்சிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். கரி பூசிய குடுக்கையில் பாலை ஊற்றி மூடி, நாள் கணக்கில் புளிக்க வைத்தது. வீட்டு மனிதர்கள் கொடுப்பது. கடைக்காரன் கொடுப்பதில்லை. அவன் என்ன சொல்ல வந்திருக்கிறான் என்பது அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

ஜெமுட்டாய் கையை நீட்டினாள். குடுக்கையை வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு வாய் குடித்தாள். பிறகு நின்றாள். மறுபடி ஒரு வாய் குடித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பால் குடித்து வளர்ந்த நாக்கு அது, பொய் சொல்லாது. நான்கு நாள் பால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு வாரப் பால் புளிக்கும். இது மூக்கு வரை ஏறியது.

"இது பத்து நாளுக்குக் குறையாத பாலு."

கிமாயோ தரையைப் பார்த்தான்.

"பத்து நாளைக்கு முந்தி புதன்கிழமை. அன்னிக்குக் காலையிலதான் நான் உன்னை அவ்வளவு பேசிட்டு வந்தேன்."

"ஆமா. சாயங்காலம் பாலை ஊத்தினேன்."

"அவ்வளவு பேச்சு வாங்கிட்டா?"

"நீ என்னைத்தான் வேணாம்னு சொன்ன. ஓட மாட்டேன்னு சொல்லலியே."

"நான் ஜெயிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்? தோத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"இதே குடுக்கைதான், இதே பாலுதான்." இப்போது நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சாவகாசமான கண்களில் இன்று கொஞ்சம் பயம் தெரிந்தது. "நீ ஆறாவது வந்தாலும் எனக்கு உன்னைப் பிடிக்கும், ஜெமுட்டாய். தரை முழுக்கச் சேறாக்கிட்டு என்னையே முறைச்சியே... அப்பவே பிடிச்சுப் போச்சு. கோபத்துல ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். காலடி வியாபாரம் இல்ல."

அவள் கண் மறுபடி நிறைந்தது. அதை மறைக்கக் குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தாள். "கரி தேச்சது யாரு?"

"நான்தான். பொம்பளைங்க வேலையாச்சே, யாரைக் கேக்குறது? முட்டைக்கோஸ்காரங்க மூணு பேரும் நின்னு திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தாங்க."

"அதான் பல்லெல்லாம் கரி." சிரித்துக் காட்டினாள். உண்மையிலேயே முன்பல் இரண்டும் கறுப்பாக இருந்தன. சலீனா அதைப் பார்த்துச் சிரித்து, சிரித்ததற்காக வெட்கப்பட்டு, குடுக்கையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "புளிப்பு சரியாத்தான் இருக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, பெயர் பதியும் இடம் எங்கே என்று விசாரிக்கப் போனாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் சம்மதம் எதிர்பார்க்க முடியாது.

இருவரும் தனியானார்கள். கிமாயோ சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவிலான அந்தப் பிளேயரை எடுத்து நீட்டினான். "உன்னோடது. ஒன்பதாவது பாட்டை மட்டும் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"இனிமே அது உனக்கு வேண்டாமே. பயம் போயிடுச்சே."

ஜெமுட்டாய் பிளேயரைக் கையில் வைத்துப் பார்த்தாள். கிளிப்பைத் திறந்து மூடினாள். எல்டோரெட் வானத்தில் ஒரு துளி, இரண்டு துளி என்று மழை இறங்கத் தொடங்கியது. யாரும் ஒதுங்கவில்லை.

"கிமாயோ."

"ம்?"

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. அந்தத் திருடன் பேச்சைக் கேட்ட அன்னிக்கே. மேஜைக்கு முன்னால நின்னு சொல்லத் தெரியல."

அவள் தொடர்ந்தாள். "திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு தண்ணித் தொட்டிகிட்ட வா. ஷூ போட்டுட்டு வா. கோச்சா வேணாம், பேஸரா வேணாம். சும்மா வா. நீ பின்னால எவ்வளவு நெருங்கி ஓடி வந்தாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

மழை அவன் இஸ்திரிச் சட்டையைப் பொட்டுப் பொட்டாக நனைத்துக்கொண்டிருந்தது.

"பக்கத்துல ஓடி வந்தா?"

ஜெமுட்டாய் கரி படிந்த பல்லோடு சிரித்தாள்.

"பக்கத்துல வந்தா... பாப்பேன்."